மெதுவாகிப்போன கம்ப்யூட்டரும் இரண்டு பிரெஞ்சுச் சொற்களும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஏன் மெதுவாகிப்போனது என்று குருசுக்குப்பத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடல் காற்றில் உப்பு ஏறிவிட்டது என்றார் என் மாமியார். நான் ஃபைல்களைக் குப்பை மாதிரி சேர்த்து வைத்திருக்கிறேன் என்றார் என் வீட்டுக்காரர் ரிச்சர்ட். எதிர்வீட்டு அஞ்சலாட்சி, "கண்ணு பட்டிருக்கும்மா, ஒரு எலுமிச்சம்பழம் கட்டி வுடு" என்றாள். கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தது நான்தான். கண்டுபிடித்த அன்று ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம்.

என் பெயர் மெரின். வீட்டிலிருந்தபடியே பேனர் டிசைன் செய்கிறேன். கல்யாணம், பிள்ளைகளுக்கு சர்ச்சில் முதல் நற்கருணை கொடுக்கிற புதுநன்மை, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, எதுவாக இருந்தாலும் படத்தையும் எழுத்தையும் கோத்து ஃபைலாகக் கொடுத்துவிடுவேன். வாங்கிக்கொண்டு போய் அவரவருக்குத் தோதான கடையில் ஃப்ளெக்ஸ் அடித்துக்கொள்வார்கள். இந்த வேலையில் எனக்கென்று ஒரு மரியாதை உண்டு. பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுத்துப் படித்தவள் நான். பாரீஸிலிருந்து லீவுக்கு வருகிற குடும்பங்கள், பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்குகிற சொல்தா வீடுகள், இவர்களுக்கெல்லாம் பேனரில் ஒரு வரியாவது பிரெஞ்சில் இருந்தாக வேண்டும். "மெரின் கிட்ட குடுத்தா தப்பு வராது" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லி அனுப்புவார்கள். அந்த ஒரு பேச்சைச் சம்பாதிக்கத்தான் நான் முதுகு ஒடிய உட்கார்ந்தேன்.

அப்படிப்பட்ட வேலையில்தான் கம்ப்யூட்டர் என் கழுத்தை அறுக்க ஆரம்பித்தது. ஒரு டிசைனை முடித்து சேமித்தால் போதும், எல்லாம் உறைந்துவிடும். மவுஸை இழுத்தால் அம்பு அப்புறம் வரும். எழுத்தைத் தட்டினால் நான் மறந்த பிறகு திரையில் விழும். வாசலில் வாடிக்கையாளரை உட்கார வைத்துவிட்டு, "இதோ ஆயிடுச்சி, இதோ ஆயிடுச்சி" என்று நான் சொல்லிக்கொண்டிருப்பேன். அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

சும்மா இருக்கவில்லை. பெட்டியைக் கழற்றினேன். மாதா படத்துக்கு மாமியார் போடுகிற சாம்பிராணிப் புகை ஃபேனுக்குள் போய்ப் பசை மாதிரி அப்பியிருந்தது. பிரஷ்ஷை வைத்துத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். சூடு குறைந்தது, வேகம் வரவில்லை. பழைய ஃபைல்களையெல்லாம் பென்டிரைவுக்கு மாற்றி இடத்தைக் காலி செய்தேன். வைரஸ் இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. தலையில் அடித்துக்கொண்டு, கடைசியில் வீட்டு மாப்பிள்ளையையே கூப்பிட்டேன்.

மாப்பிள்ளை என்றால் லூர்துபிரகாஷ். என் நாத்தனார் சிந்தியாவின் கணவர். கடலூர் பக்கத்துக்காரர், கல்யாணத்துக்குப் பிறகு அரியாங்குப்பத்தில் ஃப்ளெக்ஸ் கடை போட்டிருந்தார். கம்ப்யூட்டரில் கெட்டிக்காரர். போன ஈஸ்டருக்கு முன்னால் எங்கள் கம்ப்யூட்டரை அழித்துப் புதிதாக எல்லாம் ஏற்றிக் கொடுத்தவரும் அவர்தான். அவர்களுடைய குழந்தை ரோசாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது என்னைத்தான் ஞானத்தாயாக நிற்க வைத்தார்கள். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

வந்தார். மாமியார் கொடுத்த வடையைத் தின்றார். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மெஷினுக்கு வயசாயிடுச்சி தங்கச்சி. இனிமே இது தாங்காது."

"அப்போ இன்னா பண்றதுண்ணே?"

"நீ ஏன் இவ்ளோ கஷ்டப்படணும்? வர்ற ஆர்டர அப்படியே எங்கிட்ட தள்ளி வுடு. நம்ம கடையில ஆளு இருக்கு, பாத்துக்குறோம். நீ ரெஸ்ட் எடு."

ரிச்சர்ட் பக்கத்தில் நின்று தலையாட்டினார். நானும் அன்று, பாவம், எவ்வளவு அக்கறை என்றுதான் நினைத்தேன். நினைத்தேனே! அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த வாரம் பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனேன். ரோட்டோரம் ஒரு கல்யாண பேனர் கட்டியிருந்தது. யாரோ ஒரு மாப்பிள்ளை, யாரோ ஒரு பெண். ஆனால் அவர்களைச் சுற்றியிருந்த பார்டர் என்னுடையது. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியின் வளைவைப் பார்த்து நானே கையால் வரைந்த பார்டர் அது. வேறு ஒரு வாடிக்கையாளருக்காக வரைந்தேன், அவர் இன்னும் வாங்கிக்கொண்டுகூடப் போகவில்லை. மீன் பையோடு அந்த பேனருக்குக் கீழே நின்றேன். மூலையில் சின்ன எழுத்தில் அச்சடித்த கடையின் பெயர் இருந்தது. லூர்து டிஜிட்டல்ஸ், அரியாங்குப்பம்.

என் வீட்டுக்குள் இருக்கிற படம் ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பத்துக்கு எப்படிப் போனது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்க வைத்தது மழைதான். மறுநாள் காற்றும் மழையுமாக அடித்து எங்கள் தெருவில் இன்டர்நெட் ஒயர் அறுந்துபோனது. நெட் இல்லாமல் கம்ப்யூட்டரைப் போட்டேன். அம்மாடி, பறந்தது! பெரிய டிசைனைச் சேமித்தேன், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. வயசாகிப்போன மெஷினாம்! சாயந்திரம் ஒயரைக் கட்டினார்கள். நெட் வந்த உடனே மறுபடியும் படுத்துக்கொண்டது.

அப்போது புரிந்தது, கோளாறு பெட்டிக்குள் இல்லை, வெளியே போகிற வழியில் இருக்கிறது. எந்தெந்த புரோகிராம் நெட்டை இழுக்கிறது என்று காட்டுகிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு டிசைனைச் சேமித்துப் பார்த்தேன். நான் ஏற்றாத ஒரு புரோகிராம் எழுந்து நின்று எல்லாவற்றையும் விழுங்கியது. உள்ளே போய்ப் பார்த்தேன். என் டிசைன் ஃபோல்டரையும் இன்னொரு கம்ப்யூட்டரில் இருக்கிற ஃபோல்டரையும் அது சேர்த்துக் கட்டியிருந்தது. இங்கே ஒரு ஃபைலைச் சேமித்தால் அங்கேயும் ஒரு நகல் போய் விழும். கணக்கு யார் பெயரில் என்று பார்த்தேன். லூர்து டிஜிட்டல்ஸ்.

ஈஸ்டருக்குச் சரிசெய்கிறேன் என்று வந்து, என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் மாமியார் கையால் தின்றுகொண்டே செய்த வேலை. இனிமேல் அவர் என்ன, அவன் என்றுதான் சொல்வேன். வாசலில் காத்திருந்து எழுந்துபோன என் வாடிக்கையாளர்கள் எந்தக் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதும் விளங்கியது. நான் ராத்திரி பகலாக வரைந்ததை அவன் உட்கார்ந்த இடத்தில் எடுத்து, பெயரை மாற்றி விற்றுக்கொண்டிருந்தான். அந்தத் திருட்டுதான் என் கம்ப்யூட்டரை நசுக்கியது. அந்த நசுங்கலையே காட்டி, மிச்ச வேலையையும் கொடுத்துவிடு என்று என்னிடமே வந்து கேட்டான்.

ரிச்சர்டிடம் சொல்லலாம். "என் தங்கச்சி வாழ்க்கை மெரின், வுட்டுடு" என்பார். எனக்குத் தெரியாதா? அந்த இணைப்பை நானே துண்டித்துவிடலாம், ஒரு நிமிட வேலை. ஆனால் துண்டித்தால் அவன் அடுத்த ஞாயிறு பல்லைக் காட்டிக்கொண்டு வந்து, "தங்கச்சி, சரியாயிடுச்சா?" என்று கேட்பான். நானும் காபி போட்டுக் கொடுக்க வேண்டும். முடியாது. என் வயிறு எரிகிற எரிச்சலுக்கு அது போதாது. என்னை நாசம் செய்த அதே வழியில் அவனை நாசம் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அவனுக்கு பிரெஞ்சு தெரியாது. 'மெர்சி' தெரியும், 'போன்ழூர்' தெரியும். பேனர் தொழிலுக்காக 'அனிவெர்சேர்' என்றால் பிறந்தநாள் என்று தெரியும். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. நம்முடைய 'முதலாம் ஆண்டு' மாதிரி அது. முதலாம் ஆண்டு பிறந்தநாளும் உண்டு, முதலாம் ஆண்டு நினைவுநாளும் உண்டு. பின்னால் என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது.

என் வாழ்க்கையிலேயே அழகான டிசைனை அன்று செய்தேன். தங்க நிறத்தில் பார்டர், பலூன், மேகம், நடுவில் போட்டோ வைக்க வெறும் வட்டம். அதற்குக் கீழே வளைவான பெரிய எழுத்தில் 'ப்ரெம்யே அனிவெர்சேர்' என்று எழுதினேன். அதோடு இரண்டு சின்னச் சொற்களைச் சேர்த்தேன், 'து தெசே'. மொத்தமாகப் படித்தால், இறந்துபோன முதலாம் ஆண்டு. படிக்கத் தெரியாதவனுக்கு அது வெறும் பூவேலை. 'பிரெஞ்சு முதல் பிறந்தநாள்' என்று ஃபைலுக்குப் பெயர் வைத்துச் சேமித்தேன்.

கம்ப்யூட்டர் உறைந்தது. முதல்முறையாக அது உறைவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். எடுத்துக்கோ ராசா, நல்லா எடுத்துக்கோ என்று சொன்னேன். ஏதாவது ஒரு சொல்தா வீட்டுக்கு அவன் இதை விற்பான். அவர்கள் அந்த ஃப்ளெக்ஸைக் கொண்டுவந்து அவன் கடை மேசையில் வீசி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பார்கள். பிரெஞ்சுக்கார வீடு ஒன்றுகூட அதற்குப் பிறகு அந்தக் கடைப் படி ஏறாது. அதைக் காதால் கேட்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது.

வியாழக்கிழமை மத்தியானம் இன்னொரு முறை கம்ப்யூட்டர் படுத்தது. நான் எதையும் சேமிக்கவில்லை. சும்மா ஒரு கல்யாணத்துக்குப் பெயர்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் ஆசை தீரவில்லையாடா உனக்கு, அள்ளு, என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீ அன்றைக்கு ரொம்ப ருசியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரோசாவுக்கு முதல் பிறந்தநாள். அரியாங்குப்பத்தில் ஒரு ஹால் எடுத்திருந்தார்கள். பேனர் டிசைன் என்னிடம் கேட்பார்கள் என்று பார்த்தேன், கேட்கவில்லை. நம் கடையிலேயே போட்டுக்கொள்கிறோம் என்று சிந்தியா சொல்லிவிட்டாள். என் முகத்தில் முழிக்க அவனுக்குக் கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பூசை முடிந்து, ரோசாவுக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசோடு ரிச்சர்டும் நானும் ஹாலுக்குப் போனோம்.

உள்ளே நுழைந்ததும் மேடையைப் பார்த்தேன். தங்க பார்டர். பலூன். மேகம். வட்டத்துக்குள் கிரீடம் வைத்துக்கொண்டு ரோசா இரண்டு பல்லைக் காட்டிச் சிரிக்கிறாள். அவள் முகவாய்க்குக் கீழே என் கையெழுத்து மாதிரி என் எழுத்து, மேடை அகலத்துக்கு விரிந்து கிடந்தது. இறந்துபோன முதலாம் ஆண்டு.

ஐயோ மாதாவே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஹாலில் பாதிப் பேர் கடலூர்க்காரர்கள், மீதிப் பேரும் பிரெஞ்சு படிக்காதவர்கள், ஒருவருக்கும் அது புரியவில்லை. செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடைக்குக் கீழே பட்டுப்புடவையில் சிந்தியா, இடுப்பில் ரோசா, பக்கத்தில் புதுச்சட்டையில் அவன்.

"அண்ணி, பேனர் எப்படி?" என்றாள் சிந்தியா. "பாரீஸ் மாமா வர்றாருல்ல, அவருக்காவ இவரு பிரெஞ்சுலயே போட்டாரு."

பாரீஸ் மாமா என்றால் பிரான்சுவா மாமா, என் மாமியாரின் தம்பி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த எழுத்தைக் கண்டாலும் சத்தம் போட்டுப் படிக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. கடை போர்டு, மருந்துச் சீட்டு, எதையும் விடமாட்டார். அவர் வருகிற கார் ஆற்றுப் பாலம் தாண்டிவிட்டது என்று ரிச்சர்டுக்குப் போன் வந்தது.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நிமிடம் சும்மா நின்றேன். நான் கேட்டதைவிடப் பெரிதாக என் கைக்கு வந்திருந்தது. மாமா உள்ளே வருவார், நிமிர்ந்து பார்ப்பார், மொத்தச் சொந்தக்காரர் முன்னாலும் படிப்பார், அர்த்தம் சொல்வார். பெற்ற மகள் தலைக்கு மேல் சாவை எழுதி மாட்டிய தகப்பன் என்று அவன் சாகிறவரைக்கும் பேசுவார்கள். நான் வாயைத் திறக்கவே தேவையில்லை. நல்லா வேணும் உனக்கு என்று என் மனசு குதித்தது. அப்போது ரோசா என்னைப் பார்த்துவிட்டுத் தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். நான் வாங்கவில்லை. இந்தக் கையால் அவளை வாங்க எனக்குத் துணிவு வரவில்லை.

"அண்ணே," என்றேன். "பிரெஞ்சு கூட நீங்களேவா எழுதினீங்க?"

"பின்ன? ரெண்டு நாள் ஒக்காந்து பண்ணேன் தங்கச்சி."

"அர்த்தம் இன்னாண்ணே?"

"இன்னா இப்படி கேட்டுட்ட? முதல் பிறந்தநாளு. அனிவெர்சேர்னா பிறந்தநாளு, அது கூடவா தெரியாது எனக்கு?" என்று சிந்தியாவைப் பார்த்துச் சிரித்தான்.

"ஒரு நிமிஷம் இப்படி வாங்க" என்று மேடைக்குப் பக்கவாட்டில் கூட்டிக்கொண்டு போனேன். அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அனிவெர்சேர் வரைக்கும் சரி. அதுக்கப்புறம் ரெண்டு வார்த்தை இருக்கு பாருங்க. மொத்தமா சேத்துப் படிச்சா, செத்துப்போன முதலாம் ஆண்டுன்னு அர்த்தம். மாமா பாலம் தாண்டிட்டாரு."

அவன் பேனரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போனது. புதுச்சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"நீ... நீ வேணும்னே எழுதி வெச்சியா?"

"என் வூட்டு கம்ப்யூட்டர்ல நான் இன்னா வேணா எழுதி வெச்சிப்பேன். அது உங்க கடைக்கு எப்படிண்ணே வந்துச்சி?"

அவன் திரும்பி, சிந்தியா இடுப்பிலிருந்த ரோசாவைப் பார்த்தான்.

"கொழந்த தலைலயா மெரின்? உன் ஞானப்புள்ள அது."

"போட்டோவ வெச்சது யாரு?" என்று கேட்டேன். என் குரல் நடுங்கியது, அது கோபத்தில் என்றே இன்றைக்கும் வைத்துக்கொள்கிறேன். "நிக்காதீங்க. ஏறிக் கிழிங்க."

பந்தல்காரரின் கட்டரைப் பிடுங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறினான். ரோசாவின் முகவாய்க்குக் கீழே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் அறுத்தான். நாற்காலியை நகர்த்தி நகர்த்தி அறுத்தான், நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "ஐயோ, ஏன் கிழிக்கிறீங்க?" என்று சிந்தியா கத்தினாள். கடைசித் துண்டு தொங்கி விழுந்தபோது பிரான்சுவா மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாப்பா ஆச்சி?" என்றார்.

"பிரெஞ்சுல... எழுத்துப் பிழை மாமா" என்றான் நாற்காலி மேலிருந்து.

மாமா கடகடவென்று சிரித்தார். "பிரெஞ்சுல எழுதணும்னா நம்ம மெரின் கிட்ட குடுக்க வேண்டியதுதானப்பா? அவ கிட்ட தப்பே வராதே!"

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் இறங்கி வந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "இனிமே மெரின் கிட்டயே குடுத்துடுறேன் மாமா" என்றான். சபையில், அத்தனை பேர் காதில் விழ. இதைக் கேட்கத்தான் நான் ஏங்கினேன். கீழே கிடந்த துண்டைச் சுருட்டி என் கையில் திணித்துவிட்டு, "உன் எழுத்து, நீயே வெச்சிக்க" என்று முணுமுணுத்தான். கேக் வெட்டினோம். பிரியாணி சாப்பிட்டேன், என்ன ருசி என்று தெரியவில்லை.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் கம்ப்யூட்டரைப் போட்டு அந்த இணைப்பைப் பிடுங்கி எறிந்தேன். புரோகிராமையும் அழித்தேன். அடுத்த நொடியே மழைநாளில் ஓடியது மாதிரி ஓட ஆரம்பித்தது. பொறியாக வைத்த ஃபைலையும் அழித்துவிடலாம் என்று ஃபோல்டரைத் திறந்தேன். அதற்குப் பக்கத்தில் நான் வைக்காத ஒரு ஃபைல் இருந்தது. பெயர் 'ரோசா ஃபைனல்'. வந்து விழுந்த நாள் வியாழக்கிழமை மத்தியானம்.

திறந்தேன். கண் இமைப்பதற்குள் திரை முழுக்க ரோசா, அதே இரண்டு பல், அதே சிரிப்பு, கீழே என் எழுத்து. அவசரத்தில் அவன் வேறு இடத்துக்கு எடுக்காமல் அந்த ஃபோல்டருக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்திருக்கிறான். இங்கிருந்து அங்கே போகிற ஃபைல் அங்கிருந்து இங்கேயும் வரும், இரண்டும் ஒரே ஃபோல்டர்தானே. இத்தனையும் கண்டுபிடித்த எனக்கு அது தோன்றவில்லை. வியாழக்கிழமை கம்ப்யூட்டர் படுத்தது அவன் எடுத்துக்கொண்டு போனதால் இல்லை. குழந்தையின் முகம் என்னைத் தேடி வந்துகொண்டிருந்தது. நான் அள்ளு என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இரண்டு சொற்களையும் ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். அவனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், அவன் வந்தால் இன்றைக்கும் காபி கிடையாது. வாடிக்கையாளர்கள் திரும்பி வந்துவிட்டார்கள், கம்ப்யூட்டரும் தங்கமாக ஓடுகிறது. சிந்தியா ரோசாவைத் தூக்கிக்கொண்டு வந்தால் இப்போது ஓடிப்போய் வாங்கிக்கொள்கிறேன். வாங்கும்போது அவள் முகத்தை மட்டும்தான் பார்ப்பேன். முகவாய்க்குக் கீழே பார்ப்பதில்லை.